உள்பக்கம் திருப்பிப் பாரு

வணக்கம்மா. சேலம் அழகாபுரத்துல இருந்து எழுதறேன், வயசு 27, வீட்ல இருந்தே வேலை. பீரோவத் தொறந்தா துணி மேல விழுது. ஃபேஷனால தண்ணியும் மண்ணும் கெடுதுன்னு படிச்சதுல இருந்து உறுத்தலா இருக்கு. இனிமே ஆர்கானிக் காட்டன் மட்டும் வாங்கட்டுமா, இல்ல பாட்டில்ல இருந்து செய்யற பாலியஸ்டர் பரவால்லயா? ஆன்லைன்ல மூணு போட்டு ரெண்டு ரிட்டர்ன் பண்றேன், அது தப்பில்லதானே? பழசெல்லாம் ரெண்டு பை கட்டி வாசல்ல வச்சிருக்கேன், யாருக்காவது குடுக்கலாம்னு. போன தீபாவளிக்கு எடுத்த பச்சை குர்தாவும் அதுலதான், அக்குள்ல பிடிக்குது.

– ஒரு வாசகி

கண்ணு,

உன் கடைசி வரியிலயே நின்னுட்டேன். அக்குள்ல பிடிக்குதுன்னு ஒரு வருஷம் கூட ஆகாத துணிய மூட்டை கட்டிட்டியே.

மத்ததை முதல்ல முடிச்சிடறேன். ஆர்கானிக்னா பருத்திச் செடிக்கு ரசாயன உரமும் பூச்சிமருந்தும் போடலைன்னு அர்த்தம், நல்லதுதான், வாங்கிக்கோ, ஆனா அந்த ஒரு வார்த்தைய வச்சு சாயத்தண்ணி எங்க போச்சுன்னு தெரியாது. பாட்டில்ல இருந்து வந்தாலும் பாலியஸ்டர் பிளாஸ்டிக்தான், துவைக்கத் துவைக்க பொடி இழையா உதிரும். ரிட்டர்ன் தப்பா இல்லயான்னு உனக்கே தெரியும், தெரிஞ்சுதான் கேக்கற. பழசு குடுக்கறதுன்னா எது வேணும்னு கேட்டுட்டுக் குடு. 2004 சுனாமி அப்ப நாகப்பட்டினம் பக்கம் ஊர் ஊரா அனுப்பின பழந்துணி யாரும் தொடாம ரோட்டோரம் குவிஞ்சு கிடந்துச்சு, வீட்டையும் ஆளையும் பறிகொடுத்த ஜனங்க அதைத் தாண்டி நடந்தாங்க.

இப்ப அந்தக் குர்தாவுக்கு வரேன்.

எங்கப்பா நம்ம சேலத்துல குகைங்கற பகுதியில குழித்தறி நெய்தவரு. பாவுல, அதாவது தறியில நீளவாக்குல கட்டின நூல்ல, ஒரு இழை அறுந்தா போதும், தறிய நிறுத்திட்டு குனிஞ்சு அந்த இழையத் தேடி முடிச்சுப் போட்டுட்டுத்தான் குறுக்கு நூல் கொண்டுபோற நாடா அடுத்து ஓடும். அம்மா தையல். எனக்கு ஆறாவது சேரும்போது நீலப் பாவாடை தச்சாங்க, உள்ள ரெண்டு மடிப்பு வச்சு. வருஷா வருஷம் பள்ளிக்கூடம் தொறக்கறதுக்கு முந்தின நாள் ஒரு மடிப்பைப் பிரிச்சு விடுவாங்க, வெளிய இருந்த துணி வெயில்ல வெளுத்திருக்கும், மடிப்புக்குள்ள இருந்தது புதுசாட்டம் அடர் நீலமா இருக்கும், எட்டாவது வரும்போது என் பாவாடையில மூணு நீலம். கிளாஸ்ல ஒரு டீச்சர் எழுந்து நிக்கச் சொல்லி, இது என்ன யூனிஃபார்மான்னு கேட்டாங்க. அன்னைக்கு சாயந்திரம் அம்மாவ நான் பேசின பேச்சு இருக்கே, அவங்க ஒண்ணும் சொல்லாம மிஷினைத் தொடைச்சிட்டு இருந்தாங்க.

போன மாசம் அவங்க டிரங்குப் பெட்டிய ஒழிச்சப்ப அடியில ஒரு தலையணை உறை கிடந்துச்சு. அதே மூணு நீலம். எடுத்து மடியில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். அந்த நினைப்புலயே இருக்கும்போதுதான் உன் லெட்டர் வந்துச்சு.

ஜாக்கெட் தைக்கக் குடுத்தா நம்மூரு டெய்லருங்க பக்கத்துல மூணு தையல் போட்டுத் தருவாங்க, உடம்பு போட்டா ஒண்ணைப் பிரிச்சுக்கலாம்னு. உள்ள ஒரு இஞ்சாவது துணி இருக்கும். ரெடிமேட்ல ஓவர்லாக் மிஷின் தைக்கும்போதே ஓரத்தைக் கத்தியால நறுக்கிட்டே போகும், மிஞ்சறது கால் இஞ்ச், அதைப் பிரிச்சா துணியே பிஞ்சிரும். நீ கொஞ்சம் பூசுனாப்ல ஆனா அந்தத் துணிக்கு உன்கிட்ட வேலையில்ல, அப்படித்தான் வெட்டி வச்சிருக்காங்க. இதுல எனக்கு வர்ற கோவம் பிராண்டு மேல மட்டும் இல்ல கண்ணு, வெலையப் பாக்கறோம், கலரைப் பாக்கறோம், ஆஃபரைப் பாக்கறோம், ஒருத்தராவது உள்பக்கம் திருப்பிப் பாக்கறோமா?

அந்தப் பச்சைச் சாயத்துக்கு ஏற்கனவே ஆத்துத் தண்ணிதான் விலை குடுத்திருக்கு, புரிஞ்சுக்கோ. பருத்தியில சாயம் பிடிக்கறதுக்கு உப்பு கொட்டணும், தண்ணியில கரைஞ்ச உப்பு சாதாரண சுத்திகரிப்புல போகாது, சவ்வு வழியா வடிகட்டி மிஞ்சறதைக் காய்ச்சிப் பிரிக்கணும், அதுக்குக் காசு ஆகுதுன்னுதான் எத்தனையோ பட்டறைங்க அப்படியே திறந்து விட்டது. நொய்யல் ஆறு அப்படிக் கெட்டுப்போய்த்தான் 2011ல ஹைகோர்ட் திருப்பூர் சாயப்பட்டறைகள மூடச் சொல்லுச்சு. நம்ம திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில இருந்து தெளிவா இறங்கி வர்ற ஆறு, ஊருக்குள்ள வந்ததும் சாக்கடையும் சாயமும் சேந்துக்கும். சின்னப் பிள்ளையில பாலத்துல நின்னு இன்னைக்கு என்ன கலர்னு பந்தயம் கட்டுவோம், அது விளையாட்டில்லன்னு அப்ப தெரியல. நீ மூணு தடவை போட்டாலும் முந்நூறு தடவை போட்டாலும் ஆத்துல போன உப்பு அதேதான். மூணே தடவை போட்டுட்டு இன்னொரு பச்சை வாங்கினா இன்னொரு தடவை உப்பு.

அந்தப் பை இன்னும் வாசல்லயே இருந்தா குர்தாவ வெளிய எடு. திருப்பிப் போட்டு அக்குள்கிட்ட தடவிப் பாரு. அரை இஞ்ச் இருந்தா உங்க தெரு டெய்லரே பிரிச்சு விட்டுருவாரு. இல்லேன்னாலும் கவலைப்படாத, கை கீழ ஒரு சதுரத் துண்டு வச்சுத் தைக்கலாம், துப்பட்டா ஓரத்துல நாலு விரல் வெட்டினா போதும். கலர் சரியா சேராது, ரெண்டு பச்சையாத் தெரியும். தெரியட்டும், போட்டுக்கிட்டு ஒரு நாள் குகைப் பக்கம் வா.