கடும் நோயிலும் எழுதிக்கொண்டே இருந்த விமர்சகர் என்றால் யாரைச் சொல்வீர்கள்?

கேள்வியைப் பார்த்ததும் ரோஜர் ஈபர்ட்தான் ஞாபகத்துக்கு வந்தார். 1967 முதல் சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழில் சினிமா விமர்சனம் எழுதியவர், 1975இல் அமெரிக்கப் பத்திரிகைத் துறையின் பெரிய விருதான புலிட்சர் பரிசு வாங்கியவர், சினிமா விமர்சகர்களில் அதை முதலில் வாங்கியவரும் அவரே. 2002இல் தைராய்டு புற்றுநோய். 2006இல் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கீழ்த்தாடை போனது, பேச்சும் போனது, குழாய் வழியாகத்தான் சாப்பாடு.

அப்புறம்தான் அவர் முன்பைவிட அதிகம் எழுதினார்! 2012இல் மட்டும் 306 விமர்சனங்கள். அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, அவற்றில் கசப்பே இல்லை, நல்ல படம் கிடைத்தால் சின்னப் பையன்போலக் குதூகலிப்பார். 2013 ஏப்ரல் 2 அன்று, புற்றுநோய் திரும்பிவிட்டது, எழுதுவதைக் குறைக்கிறேன், ஆனால் நிறுத்தமாட்டேன் என்று வாசகர்களுக்கு எழுதினார். 4ஆம் தேதி, 70 வயதில், இறந்துவிட்டார்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்காரன். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய என் பெரியப்பாவும் தொண்டை அறுவைக்குப் பிறகு பள்ளி நோட்டில் பென்சிலால் எழுதித்தான் பேசுவார். ஒரு தீபாவளிக்கு டிவியில் படம் பார்த்துவிட்டு, "இரண்டாம் பாதி இழுவை" என்று கொட்டை எழுத்தில் எழுதி என் பக்கம் தள்ளினார். அழுத்திப் போட்ட அடிக்கோடு அடுத்த தாளிலும் பதிந்திருந்தது. ஈபர்ட்டைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கோடுதான் கண்ணில் நிற்கிறது.