குத்தகைக்காரருக்கு முந்தி என்ன பாதுகாப்பு இருந்தது? அண்ணையிட்டக் கேளுங்கோ

முத்தையன்கட்டுத் தம்பி: அண்ணை, எங்கட அப்பு அரைவாரம் குடுத்துச் செய்தவராம். அதைக் குறைக்கச் சட்டம் ஒண்டும் வரேல்லையோ?

வந்தது. 1958இல பிலிப் குணவர்தன விவசாய மந்திரியா இருக்கேக்க கொண்டுவந்த நெற்காணிச் சட்டம். விளைச்சலில கால்வாசிக்கு மேல காணிக்காரர் கேக்கேலாதெண்டு அதில இருந்தது, ஏக்கருக்கு 40 புசல் நெல் விளைஞ்சா முந்தி 20 போகும், அந்தச் சட்டப்படி 10தான். நினைச்ச நேரம் குத்தகைக்காரரை வயலை விட்டு எழுப்பவும் ஏலாது, செய்யிற உரிமை பிள்ளைக்கும் போகும் எண்டும் வச்சவை. ஆனா காணிப் பதிவேட்டில பேர் இருக்கவேணும், அதை மறந்திடாதேங்கோ.

வவுனியாத் தங்கச்சி: வீட்டுக்காரர் ஒரு வருச அட்வான்ஸ் கேக்கிறார், அப்பிடிக் கேக்கலாமோ?

1972 வாடகைச் சட்டத்தில மூண்டு மாத வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கேலாது. ஆனா 1980க்குப் பிறகு கட்டின குடியிருப்பு வீடுகளைத் திருத்தத்தில வெளியில விட்டிட்டாங்கள். வீடு எப்ப கட்டினதெண்டு பாருங்கோ, ரசீது வாங்காமக் காசு குடுக்காதேங்கோ.

கிளிநொச்சித் தம்பி: அரசாங்கம் பெர்மிட்டில குடுத்த காணியைக் குத்தகைக்கு எடுக்கலாமோ?

அது 1935 காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், என்ர பாடமில்லை. பிரதேச செயலகத்தில கேளுங்கோ.

நெடுங்கேணி ஐயா: உங்கட 58ஆம் ஆண்டுச் சட்டத்தாலதான் கனபேருக்கு வயல் போனது, காணிக்காரர் பயந்து எழுப்பிப்போட்டினம்.

ஐயா, எழுப்பினது உண்மை. இவன் குத்தகைக்காரனில்லை, கூலிக்காரன் எண்டு சொல்லிப்போட்டுத் தாங்களே செய்யிறமெண்டு நிண்டவை. அது சட்டம் குடுத்த உரிமையின்ர பிழையோ, துண்டில்லாத வாய்ப்பேச்சின்ர பிழையோ? களத்தில நெல்லை அளந்து குடுத்தவனிட்ட ஒரு எழுத்தும் இல்லை, விசாரணையெண்டு வந்தா காணிக்காரர் சொல்லுறதுதான் எடுபடும். அதாலதான் 1979 கமநல சேவைகள் சட்டத்திலயும் 2000 கமநல அபிவிருத்திச் சட்டத்திலயும் காணிப் பதிவேட்டை இவ்வளவு பெரிசா வச்சவை.

நெடுங்கேணி ஐயா: அப்ப காணிக்காரன் மனுசனில்லையோ? இடம்பெயர்ந்து திரும்பி வந்தவன் தன்ர வயலை எடுக்கேலாதோ?

மனுசன்தான் ஐயா. போருக்குள்ள ஓடினவைக்கெண்டு 2016இல காலாவதிச் சிறப்புச் சட்டம் வந்து, 1983 மே தொடக்கம் 2009 மே மட்டும் மற்றவை ஆண்ட காலத்தை, பத்து வருசம் ஆண்டா காணி தனக்கெண்டு கேக்கலாமெண்ட கணக்கில சேர்க்கேலாமப் பண்ணினது. அது காணியைப் பிடிச்சு இருந்தவைக்கு எதிரானது, கால்வாசி அளந்து குடுத்தவனுக்கு எதிரானதில்லை. ரெண்டையும் ஒரு சாக்கில கட்டாதேங்கோ.

மாங்குளம் தம்பி: அண்ணை, அப்ப எவ்வளவு குடுக்கவேணும்?

58ஆம் ஆண்டுச் சட்டத்தில கால்வாசிதான், மேல வாசி தம்பி. வாசிச்சுப்போட்டு நாளைக்கே கமநல சேவை நிலையத்துக்குப் போய்ப் பதிவேட்டில உன்ர பேர் இருக்கோ எண்டு பார்.