“எந்தச் சோழன் மக்களே?” – கலைப் பாணியைச் சொல்லும் படக்குறிப்பு எழுதுவது பற்றி

கேள்வி இதுதான். டிசைன் படிக்கும் ஒருவர் ஊர்த் திருவிழாவுக்கு ஒரு போஸ்டர் செய்திருக்கிறார். தலைப்புக்குப் பின்னால் சூரியக் கதிர்கள் விரிகின்றன, ஓரத்தில் படிக்கட்டு போல ஏறி இறங்கும் கட்டம், மொத்தம் ஐந்தே நிறங்கள். கீழே “ஆர்ட் டெகோ மற்றும் கேரளச் சுவரோவியங்களின் தாக்கத்தில் உருவானது” என்று ஒரு வரி. இது விளக்கமே இல்லை என்று ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். வேறு எப்படித்தான் எழுதுவது, எவ்வளவு நீளம் எழுதுவது என்று கேட்கிறார். (ஆர்ட் டெகோ என்பது 1920, 30-களின் ஓர் அலங்காரப் பாணி, அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.)

நான் நாகர்கோவிலில் டிசைன் வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கடைப் பை, நோட்டீஸ், வருஷத்துக்கு ஒன்றிரண்டு நகை கேட்டலாக். இதே தப்பைச் செய்து ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன் என்பதால் பதில் எழுதுகிறேன்.

வடசேரியில் கோயில் நகை செய்பவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். சாமிக்குச் சாத்துவதற்கென்று செய்தது, பிறகு பரதநாட்டியம் ஆடுகிறவர்கள் வாங்கி அணியப்போய் வெளிநாடு வரை போயிற்று. புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே ஒரு பட்டறைக்குக் கேட்டலாக் செய்தபோது, ஒட்டியாணம் படத்துக்குக் கீழே “சோழர் காலக் கலைப் பாணியின் தாக்கம் கொண்டது” என்று எழுதியிருந்தேன். கேட்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். பட்டறையின் பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

“எந்தச் சோழன் மக்களே?”

நான் முழித்தேன். (எங்கள் ஊரில் ‘மக்களே’ என்றால் ‘தம்பி’ என்று கூப்பிடுவது போல.)

“சரி, சோழன் இதுல எங்க இருக்கான்? கை வச்சுக் காட்டு பாப்போம்.”

கை வைக்க இடமில்லை. அப்புறம் அவரே ஒட்டியாணத்தை எடுத்து மேசையில் வைத்து விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். “இது அன்னம். இதுக்க வாலு கொடியாட்டுச் சுருண்டு போவுதுல்லா? இது கோயில் தூண்ல உள்ள கொடி. நடுவுல உள்ளது யாளி மொகம். இந்தச் செவப்பு கெம்பு. கல்லுல செதுக்கினத நாங்க வெள்ளியில எடுத்து மேல தங்கத் தகடு வேய்ஞ்சிருக்கோம்.” நான் ஒரு மணி நேரம் கூகுள் பண்ணி எழுதாத படக்குறிப்பை அவர் அரை நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

“கை வச்சுக் காட்டு” என்ற அந்தச் சோதனையைத்தான் இன்றுவரை பயன்படுத்துகிறேன். ஒரு பாணியின் பெயரை எழுதினால், படத்தில் எந்த இடத்தில் விரல் வைத்து அதைக் காட்டுவீர்கள்? கோடா, நிறமா, எழுத்தா, உருவங்கள் நிற்கும் விதமா? விரல் வைக்க முடியாவிட்டால் பெயரை எடுத்துவிடுங்கள்.

எங்கள் ஊர் உதாரணமே சொல்கிறேன். கன்னியாகுமரி விவேகானந்தர் பாறையை ஆயிரம் பேர் படம் எடுத்து, “இந்தியக் கட்டடக் கலைகளின் சங்கமம்” என்று போடுகிறார்கள். மூன்று கடல் கூடும் இடம் என்பதால் சங்கமம் என்ற சொல் தானாக வந்து உட்கார்ந்துவிடுகிறது போல. அதற்குப் பதிலாக இப்படிப் போடலாம்: “முன்வாசலில் அஜந்தா, எல்லோராக் குகைக் கோயில்களின் சாயல், மண்டபத்தில், விவேகானந்தர் வங்காளத்தில் நிறுவிய பேலூர் மடத்தின் சாயல். திறப்பு: 1970.” இதைப் படிக்கிறவர் உடனே படத்துக்குத் திரும்பிப் போய் வாசலையும் மண்டபத்தையும் தனித்தனியாகப் பார்ப்பார். பேலூர் ஏன் என்ற காரணமும் அதே வரியிலேயே இருக்கிறது. சங்கமம் என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இனி அந்தத் ‘தாக்கம்’. 2017-இல் எங்கள் மாவட்டத்தை ஓகி புயல் தாக்கியது, அதைத் தாக்கம் என்றால் சரி. ஆர்ட் டெகோ வந்து யாரைத் தாக்கியது? அந்தச் சொல்லைப் போட்டால், டிசைன் செய்தவர் சும்மா நின்றுகொண்டிருக்க ஒரு பாணி வந்து அவர் மேல் விழுந்தது போல ஆகிவிடுகிறது. நடப்பது வேறு. செய்கிறவர்தான் தேடிப் போய் எடுக்கிறார், வேண்டியதை வைத்துக்கொண்டு மீதியை விடுகிறார், எடுத்ததை வளைக்கிறார். நம்மிடம் அதற்கு நல்ல வினைச்சொற்கள் இருக்கின்றன: நகலெடுத்தது, எடுத்தாண்டது, தழுவியது, ஒத்திருக்கிறது, நினைவூட்டுகிறது. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கனம். எதைப் போடுவது என்பது உங்கள் கையில் இருக்கும் ஆதாரத்தைப் பொறுத்தது.

டச்சு ஓவியர் வான்கோ 1887-இல் ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் இரண்டு மர அச்சுப் படங்களைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். ஒன்று பிளம் மரம், இன்னொன்று மழையில் பாலம். அவரும் தம்பியும் இப்படிப்பட்ட ஜப்பானிய அச்சுப் படங்களை நூற்றுக்கணக்கில் வாங்கிச் சேர்த்திருந்தார்கள். வேறு அச்சுகளில் இருந்த ஜப்பானிய எழுத்துகளைக்கூட எடுத்து ஓரத்தில் எழுதி வைத்தார். இங்கே “பார்த்து வரைந்தது” என்று தைரியமாக எழுதலாம், ஒரு ‘சாயல்’ கூடப் போட வேண்டாம். அடுத்தது பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் இவ் சான் லோரான் 1965-இல் தைத்த உடை: வெள்ளையில் கறுப்புக் கோடுகள், சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டங்கள். கோடும் கட்டமுமாக வரைந்த டச்சு ஓவியர் மோந்திரியானின் ஓவியம்தான் மூலம் என்பது ஊரறிந்த செய்தி. ஆனால் “மோந்திரியான் பாணி உடை” என்பதோடு நிறுத்தினால் நல்ல விஷயம் கைநழுவிவிடும். ஓவியம் தட்டை, உடம்பு தட்டை இல்லை. உடம்புக்குத் தகுந்தபடி துணியை ஒட்டுப்போட்ட தையல்களை அந்தக் கறுப்புக் கோடுகளிலேயே மறைத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், கடன் வாங்கியதைச் சொல்வதைவிட, வாங்கிய பிறகு என்ன மாற்றினார்கள் என்று சொல்லும் வரிதான் படக்குறிப்பின் உயிர். பெரும்பாலோர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

இதற்கு நேர்மாறான வழுக்கல், ஒன்றைப் போல இன்னொன்று இருந்தால் அதிலிருந்துதான் வந்தது என்று முடிவு கட்டுவது. எங்கள் மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால் பூமுகத்தில், அதாவது முன்வாசல் மண்டபத்தில், மரத்தாலான கூரையின் உட்புறம் முழுக்கப் பூச்செதுக்கு. அங்கேயே சீன வணிகர்கள் கொடுத்ததாகச் சொல்லும் நாற்காலி. வெளியே வந்து நிமிர்ந்தால் சரிந்து இறங்கும் ஓட்டுக் கூரை. நாற்காலியையும் கூரையையும் முடிச்சுப் போட்டு “சீனக் கட்டடக் கலையின் தாக்கம்” என்று எழுதக் கை துறுதுறுக்கும். எங்கள் பக்கம் ஜூன் மாதத்திலும் அடிக்கும், ஐப்பசியிலும் அடிக்கும் மழை. அப்படிப்பட்ட ஊரில் யார் வீடு கட்டினாலும் கூரையைச் சரித்துத்தான் கட்டுவார்கள். நாற்காலிக்குச் சீனம் என்று எழுதலாம். கூரைக்கு “சீனக் கூரைகளை நினைவூட்டுகிறது” என்பதற்கு மேல் ஒரு சொல்கூட நான் எழுத மாட்டேன்.

அதே அரண்மனையில் இன்னொரு தலைவலியும் உண்டு. படத்துக்குக் கீழே கேரளப் பாணி என்றால் ஒருவருக்குக் கோபம், தமிழர் பாணி என்றால் இன்னொருவருக்கு. இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ஆம் தேதி. அரண்மனையை இன்றும் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. நான் இரண்டையும் விட்டுவிட்டு, “1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த அரண்மனை, மரச் சட்டகம், ஓட்டுக் கூரை” என்று எழுதுவேன். இன்றைய எல்லைக்கோட்டை வைத்துப் பழைய பாணிக்குப் பெயர் சூட்டினால், கமெண்டில் சண்டை பிடிக்கத்தான் நேரம் சரியாக இருக்கும்.

பாணி எந்த வழியாக வந்து சேர்ந்தது என்பதும் சில படங்களுக்கு முக்கியம். கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் தாமரையில் நிற்கும் லட்சுமி படத்தைக் காட்டி, “ரவி வர்மா படம் மாதிரி போடுங்க அண்ணா” என்பார்கள். அவர்கள் நீட்டுவது பெரும்பாலும் ரவி வர்மா வரைந்தது இல்லை. ஐரோப்பிய எண்ணெய் ஓவியத்தின் ஒளி நிழலையும் உடல் திரட்சியையும் நம் சாமி உருவங்களுக்குக் கொண்டு வந்தவர் அவர் (1848–1906). 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி அந்தப் படங்களை வீட்டுச் சுவர்களுக்கு அனுப்பினார். அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தில், நாடகங்களுக்குத் திரைச்சீலை வரைந்துகொண்டிருந்த கொண்டையா ராஜு (1898–1976) கோவில்பட்டியில் தங்கி வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் காலண்டர்களாக அச்சாகி வீடு வீடாகப் போயின. அந்தச் சிவந்த கன்னமும், நாடக மேடை போல விரியும் பின்புலமும், நேராக நம்மைப் பார்க்கும் முகமும் காலண்டர் வழி வந்தவை. ஆகவே “ரவி வர்மா பாணி” என்பதைவிட “ரவி வர்மாவுக்குப் பின் வந்த சிவகாசிக் காலண்டர் ஓவியங்களைத் தழுவியது” என்றால் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். என்னைப் போன்ற அச்சுத் தொழில்காரனுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு, மறைப்பானேன்.

நீளம் எவ்வளவு என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு அல்லது மூன்று வாக்கியம். போனில் முதல் வரிதான் தெரியும் என்பதால் விரல் வைக்கும் இடம் முதல் வரியில் வரட்டும், ஆண்டும் பெயரும் பின்னால் போகட்டும். ஏஐ கருவியில் செய்த படமென்றால் நீங்கள் அதனிடம் என்ன கேட்டீர்கள் என்பதையே எழுதுங்கள். பீகாரின் நாட்டுப்புற ஓவியமான மதுபனியை எடுத்துக்கொள்ளுங்கள்: “மதுபனி பாணியில் கேட்டு உருவாக்கியது” என்பதும் “மதுபனி ஓவியம்” என்பதும் ஒன்றல்ல.

சரி, உங்கள் போஸ்டருக்கு வருவோம். ஆர்ட் டெகோ என்ற பெயர் 1925-இல் பாரிஸில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியின் பெயரிலிருந்து பிறந்தது. கதிர்கள், படிக்கட்டு வடிவம், இடமும் வலமும் ஒன்றுபோல் நிற்கும் அமைப்பு எல்லாம் அதன் அடையாளங்கள். இரண்டு உங்கள் படத்திலேயே இருக்கின்றன, விரல் வைக்கலாம். சுவரோவியத்திலிருந்து நீங்கள் எடுத்தது உருவங்களை அல்ல, நிறங்களை மட்டும். அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டாலே பாதி வேலை முடிந்தது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“தலைப்புக்குப் பின் விரியும் கதிர்களும் படிக்கட்டு ஓரமும் 1920, 30-களின் ஆர்ட் டெகோ போஸ்டர்களிலிருந்து எடுத்தாண்டவை. காவிச் சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு, வெள்ளை என்ற ஐந்து நிறங்கள் ______ சுவரோவியத்தைப் பார்த்துத் தேர்ந்தவை. அங்கே வெள்ளை என்பது வண்ணம் தீட்டாமல் விட்ட சுண்ணாம்புச் சுவர்; இங்கே மை படாமல் விட்ட தாள்.”

கடைசி வாக்கியம், நீங்கள் உண்மையிலேயே தாளை வெறுமையாக விட்டிருந்தால்தான் செல்லும். வெள்ளை மை அடித்திருந்தால் எடுத்துவிடுங்கள். கோடிட்ட இடத்தையும் நீங்கள்தான் நிரப்ப வேண்டும். பத்மநாபபுரம் உப்பரிகை மாளிகையா, திருவட்டாறு கோயில் சுவரா, இல்லை போனில் பார்த்த படமா? போனில் பார்த்ததென்றால் “இணையத்தில் கண்ட கேரளச் சுவரோவியப் படங்கள்” என்றே போடலாம், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. நேரில் பார்த்துவிட்டே எழுதுகிறேன் என்றால் தக்கலையில் இறங்கிப் போங்கள், பக்கம்தான். திங்கட்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், அரண்மனை பூட்டியிருக்கும்.