திரை உடைந்த லேப்டாப்: வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி

படிக்க ஜெர்மனியின் மாக்டபுர்க் வந்து ஆறு வாரம். அறைத்தோழரின் கால் சார்ஜர் வயரில் மாட்டி லேப்டாப் விழுந்துவிட்டது, திரை விரிசல் விட்டுக் கறுப்பாகிவிட்டது, கடையில் 290 யூரோ கேட்கிறார்கள், புதிதாகவே வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பி, விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு வைத்த பிளாக்டு அக்கவுண்டிலிருந்து மாதம் 992 யூரோ எடுத்து ஓட்டும்போது இது எவ்வளவு பெரிய தொகை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அறைத்தோழரிடம் ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட் காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள். நாம் கவனக்குறைவால் இன்னொருவர் பொருளைச் சேதப்படுத்தினால் அதற்கு ஈடு கொடுக்கும் காப்பீடு அது. இங்கே பெரும்பாலான வீடுகளில் இருக்கும். நம் ஊரில் கூட இருப்பவரிடம் இப்படிக் கேட்க வாய் வராது. இங்கே யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை, பல சமயம் அவர்களே சொல்வார்கள். நடந்ததை நடந்தபடி அவர் தன் நிறுவனத்துக்கு எழுத வேண்டும். உடைந்த திரையின் படங்கள், கடை எழுதிக்கொடுக்கும் மதிப்பீட்டுச் சீட்டு, நீங்கள் வாங்கிய பில் மூன்றும் வேண்டும். பில் சென்னையில் இருந்தால் வீட்டில் சொல்லி இன்றே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். புதிய லேப்டாப்பின் விலை கிடைக்காது. பழுதுச் செலவுதான் கிடைக்கும், அதுவும் மூன்று வருடம் ஓடிய உங்கள் லேப்டாப்பின் இன்றைய மதிப்பு வரைதான். காப்பீட்டு நிறுவனத்தின் பதில் வரும்வரை எதையும் பிரிக்காதீர்கள், தூக்கிப் போடாதீர்கள்.

காப்பீடு இல்லையென்றால்? எச்டிஎம்ஐ கேபிள் ஒன்றை வாங்கி விடுதியின் பொது அறை டிவியில் செருகிப் பாருங்கள். படம் வந்தால் போனது திரை மட்டும்தான். நான் வந்த முதல் குளிர்காலத்தில் என் லேப்டாப் திரை இருண்டுபோனது. ஒரு கடையில் மதர்போர்டு போய்விட்டது என்றார்கள், நானும் நம்பித் தவணையில் புதிது வாங்கினேன். ஒரு வருடம் கழித்து நண்பர் வீட்டில் பழையதை டிவியில் மாட்டியபோது அம்மாவின் படம் வைத்த என் டெஸ்க்டாப் பளிச்சென்று வந்தது. திரைக்குப் பின்னால் விரல் அகலத்துக்கு ஒரு பட்டைக் கேபிள் இருக்கும். அது நழுவியிருந்தது, அவ்வளவுதான். அந்த 650 யூரோ இன்னும் மனதில் நிற்கிறது.

சென்னை ரிச்சி தெருக் கடைகளில் திரை மாற்றினால் பொருளுக்குத்தான் காசு, கூலி கொஞ்சம். இங்கே கூலியே பில்லில் பெரும் பங்கு. அதனால் பொருளுக்கு எவ்வளவு, வேலைக்கு எவ்வளவு என்று மதிப்பீட்டைப் பிரித்துக் கேளுங்கள். சீட்டு எழுதவே சில கடைகள் காசு வாங்கும், அதையும் முன்பே கேட்டுவிடுங்கள். திரையின் பின்பக்க ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும். அந்த எண்ணை வைத்துத் தேடிப் போன வருடம் நான் வாங்கிய திரை 65 யூரோ. மாற்றத் தெரியாவிட்டால் ரிப்பேர் கஃபே என்று தேடுங்கள். தன்னார்வலர்கள் உங்களோடு உட்கார்ந்து பிரித்துக் காட்டுவார்கள், உண்டியலில் முடிந்ததைப் போட்டால் போதும். அதுவரை பழைய மானிட்டர் ஒன்றை மாட்டிக்கொண்டே செமஸ்டரை ஓட்டலாம்.

டிவியிலும் படம் வராவிட்டால் பழுதுபார்க்க நான் பணம் போட மாட்டேன். அலுவலகங்களில் ஓடிய பழைய திங்க்பேட் லேப்டாப் ஒன்றைக் கடையில் வாங்குங்கள். கடை என்றால் பழைய பொருளுக்கும் குறைந்தது ஒரு வருடம் சட்டப்படி பொறுப்பு உண்டு. தனியாள் விற்றால் அதை விலக்கிவிடலாம். இன்டெல் ப்ராசஸர் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம், விண்டோஸ் 11 முறையாக ஏறாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. கீபோர்டு ஜெர்மன், ஒய்யும் இஸட்டும் இடம் மாறியிருக்கும். இரண்டு வாரத்தில் கை பழகிவிடும்.

டிவியில் படம் வந்ததா என்று எழுதுங்கள், அப்புறம் மேற்கொண்டு பார்க்கலாம்.