மாமனாரின் கதையை பாயிண்ட் தராசில் தொடங்குங்கள்

கேள்வி: என் மாமனார் சேகோ, அதாவது ஜவ்வரிசி, பேக்டரி நடத்தியவர். மரவள்ளிக் கிழங்கு தோலுரிக்கும் கூலிவேலைக்குப் போய், பிறகு 1980களில் சொந்தமாக பேக்டரி போட்டார். ஊர்க் கோயில் திருப்பணி, பள்ளிக்கூடக் கட்டடம் எல்லாம் அவர் முன்னின்று செய்ததுதான். அவருடைய எண்பதாம் கல்யாணத்துக்கு வாழ்க்கை வரலாறு ஒன்று போட வேண்டுமாம். எழுதும் பொறுப்பு என் தலையில். எப்படி எழுதினாலும் ஃபிளெக்ஸ் பேனர் மாதிரியே வருகிறது. நடுவில் பேக்டரி இரண்டு வருஷம் மூடிக்கிடந்ததை எழுதவே கூடாது என்கிறார் கொழுந்தனார். என்ன செய்யட்டும்? - ஒரு வாசகி, ஆத்தூர்.

பதில்: நானும் ஒரு பெரியவரின் மணிவிழா மலருக்கு எழுதிக் கெட்டவன்தான் அம்மா. ‘உழைப்பால் உயர்ந்த உத்தமர்’ என்று ஆரம்பித்து நாலு பக்கம். அச்சாகி வந்த பிறகு அவருடைய பேத்தி கேட்டாள், “தாத்தா என்ன வேலை பார்த்தாருன்னு இதுல எங்கேயுமே இல்லையே?”

அதனால் முதலில் வேலையை எழுதுங்கள். கிழங்கை அரைத்துப் பால் எடுத்துத் தொட்டியில் விடுவது, அடியில் படிந்த மாவை வெட்டி எடுப்பது, துணியில் போட்டுக் குலுக்கி மணியாக்குவது, எண்ணெய் தடவிய சட்டியில் வறுத்துக் களத்தில் காயப்போடுவது. அவர் கூலிக்குப் போன காலத்தில் குலுக்கியது கையாலா, மெஷினாலா? கேளுங்கள். பால் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கை, அந்தத் திப்பியின் வாடையைக்கூட விடாதீர்கள்.

உலகப்போரில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றுபோனதும், 1943 வாக்கில் சேலத்து மாணிக்கம் செட்டியாரும் பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவும் மரவள்ளியில் ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்த கதைக்கு ஒரு பத்தி போதும். 1981இல் ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்ததற்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் கொடுங்கள். மூட்டையைக் கிடங்கில் வைத்து முன்பணம் வாங்கலாம், டெண்டரில் விற்கலாம் என்று ஆனபோது மாமா அதில் சேர்ந்தாரா, வெளியே நின்றாரா? சேர்ந்திருந்தால் தன்னோடு யாரை அழைத்துப்போனார்?

அப்புறம் பாயிண்ட். கிழங்கைத் தண்ணீரில் மூழ்கவிட்டு எடைபோட்டு மாவுச்சத்தைப் பாயிண்டாகக் கணக்கிடுவதும், ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று விலை பேசுவதும் உங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். விவசாயிக்கும் பேக்டரிக்கும் சண்டை வருகிற இடமும் அதுதான். கோயில் கல்வெட்டில் பேர் இருப்பது பெரிய விஷயமில்லை, பணம் கொடுத்தால் பொறித்துவிடுவார்கள். அந்தத் தராசு முன்னால் கிழங்கு வண்டியோடு நின்ற நாலு பேரைத் தேடிப் போங்கள். “எங்க மாமா பேக்டரியில பாயிண்ட் எப்படிப் போட்டாங்க?” என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை, அவர்களே ஆரம்பித்துவிடுவார்கள். திட்டினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூடிக்கிடந்த இரண்டு வருஷம்? என்னைக் கேட்டால் புத்தகமே அதுதான். கிழங்குக்காரர்களுக்கு வைத்த பாக்கி, ஆட்களின் கூலி, இதையெல்லாம் எப்படி அடைத்தார்? ஊர் அவரைத் தலைவராக வைத்தது அதற்கு முன்னாலா, பின்னாலா? சேர்ப்பதா வேண்டாமா என்று கொழுந்தனாரிடம் கேட்காதீர்கள். மாமாவிடம், தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அது அவருடைய வாழ்க்கை. ஆனால் அவரிடம் போவதற்கு முன் ஒரு மத்தியானம் அத்தையோடு உட்காருங்கள். நகை என்றைக்கு அடகுக்குப் போனது, என்றைக்குத் திரும்பி வந்தது, எது திரும்பவே இல்லை என்பதெல்லாம் அவருக்குத் தேதியோடு தெரிந்திருக்கும்.