சீதன வீட்டை விற்றுத்தான் பிள்ளைகளோடு இங்கிலாந்து போக வேண்டுமா?

கேள்வி: ஐயா, நாங்கள் மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறோம். கணவர் சிவில் எஞ்சினியர். இங்கிலாந்தில் லீட்ஸ் பக்கம் ஒரு கம்பனியில் 3 வருட வேலை கிடைத்திருக்கிறது. பெப்ரவரியில் சேர வேண்டும். வருடச் சம்பளம் 42,000 பவுண். மகளுக்கு 6 வயது, மகனுக்கு வரும் ஜூலையில் 4 முடிகிறது. நான்கு பேரும் ஒன்றாகவே போக ஆசை. கையில் 35 லட்சம் இருக்கிறது. மிச்சத்துக்கு அம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வீட்டை விற்பதா, நகைகளை அடகு வைப்பதா? கணவரின் ஊழியர் சேமலாப நிதியை எடுக்க முடியுமா?

பதில்: தங்கச்சி, வீட்டை விற்க வேண்டாம். மூன்று வருட விசாவுக்காகக் கைமாறுகிற சொத்தில்லை அது. நம் பக்கத்தில் பெண்பிள்ளைக்கென்று எழுதிய வீடு, நாளைக்கு உங்கள் மகளுக்கும் நிழல். வாடகைக்கு விடுங்கள், அம்மாவின் பெயருக்கு அற்றோணித் தத்துவம் (உங்களுக்குப் பதிலாகக் கையெழுத்திடும் அதிகாரம்) எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

உங்களை நெருக்குவது டிக்கெட் காசு இல்லை, அங்குள்ள அரசு மருத்துவச் சேவைக்காக விசாவோடு வாங்கும் சுகாதாரக் கட்டணம்தான். விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே முழு விசாக் காலத்துக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும்: பெரியவருக்கு வருடம் 1,035 பவுண், பிள்ளைக்கு 776. நான்கு பேருக்கு 3 வருடம் என்றால் 10,866 பவுண். ஒரு பவுண் 400 ரூபாய் என்று வைத்தாலே 43 லட்சத்தைத் தாண்டும். விசாக் கட்டணமும் பயணமும் தனி. கையிருப்பு அங்கேயே முடிந்துவிடும்.

அதனால் கணவர் முதலில் போகட்டும். அவருக்கு மட்டும் 3,105 பவுண், ஏறக்குறைய பன்னிரண்டரை லட்சம். அவருடைய விசா தொடங்கி ஆறு மாதம் நன்றாகத் தாண்டிய பிறகு நீங்களும் பிள்ளைகளும் விண்ணப்பித்தால், மீதியுள்ள விசாக் காலத்துக்கு மட்டும் கட்டினால் போதும். மிச்சம் இரண்டரை வருடமோ அதற்குக் கொஞ்சம் குறைவோ என்றால், மூவருக்கும் சேர்த்து ஏறக்குறைய 1,290 பவுண் குறையும். அதைவிடப் பெரிய லாபம் மகனுக்கு. அங்கே பள்ளி செப்டெம்பரில் தொடங்கும். ஓகஸ்ட் 31க்குள் 4 வயது முடிந்த பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் ரிசெப்ஷன் என்ற முதல் வகுப்பு இலவசம், மதியச் சாப்பாடும் இலவசம். பெப்ரவரியிலேயே கூட்டிப் போனால் வாரம் 15 மணி நேரம்தான் இலவச நர்சரி, அதுவும் வருடத்தில் 38 வாரம். மிச்ச நேரத்துக்கு நீங்கள் காசு கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்க வேண்டும். இங்கே மகள் இரண்டாம் தவணையை முடிக்கட்டும், ஓகஸ்டில் விண்ணப்பித்து விசா வந்ததும் மூவரும் ஏறுங்கள். தகப்பனைப் பிரிந்து ஆறேழு மாதம் பிள்ளைகள் ஏங்கிப் போவார்கள், அது எனக்கும் தெரியும். ஆனாலும் கடனில்லாத வீட்டுக்குள் அவர்கள் போய் இறங்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அந்த மாதங்களில் கணவர் ஒரு அறையில் இருந்து சேமிக்கட்டும். வரி கழித்து மாதம் 2,800 பவுண் அளவில் கைக்கு வரும். அதில் 1,000 மிச்சம் பிடித்தால், இங்குள்ள மீதியோடு உங்கள் மூவரின் கட்டணத்துக்கும் சரியாக வரும். குடும்பமாக வீடு எடுக்க முற்பணமாக ஐந்து வார வாடகை, முதல் மாத வாடகை இரண்டும் வேண்டும். மாத வாடகை 1,000 என்றால் 2,150 பவுண். இதைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள், வேறு எதற்கும் தொடாதீர்கள். அங்கே பிள்ளைகளுக்கான அரசு உதவித்தொகை உங்கள் விசாவுக்குக் கிடையாது, அதை வரவில் சேர்க்காதீர்கள்.

நகை விஷயம். போன வருடம் ஒரு தாய் என் மேசையில் ஏழு அடகுத் துண்டுகளை ரப்பர் வளையம் கழற்றி விரித்து வைத்தார். மகள் குடும்பம் வெளிநாட்டில். மீட்கும் தேதி கடந்திருந்த துண்டு, பேத்தியின் முதல் பிறந்தநாள் காப்பு. வட்டி கட்ட ஆள் இல்லாத அடகு ஏலத்துக்குத்தான் போகும். கட்டாயம் என்றால் ஒரேயொரு பெரிய நகையை வையுங்கள், முதல் சம்பளத்திலிருந்தே மீட்கத் தொடங்குங்கள்.

வெளிநாடு போகிற காரணத்தைக் காட்டிச் சேமலாப நிதியை எடுப்பது, நாட்டைவிட்டு நிரந்தரமாகப் போகிறவர்களுக்குத்தான். உங்களுடையது 3 வருட வேலை விசா, ஆகவே கணக்கில் சேர்க்க வேண்டாம். அது வட்டியோடு இருக்கட்டும்.

வங்கியில் காட்ட வேண்டிய காசும் உண்டு. நால்வருக்கும் சேர்த்து 2,070 பவுண், 28 நாள் குறையாமல் கணக்கில் இருக்க வேண்டும். கம்பனியே முதல் மாதச் செலவுக்குப் பொறுப்பேற்று எழுதிக் கொடுத்தால் அது தேவையில்லை. சில கம்பனிகள் சுகாதாரக் கட்டணத்தையும் கட்டுகின்றன. கணவர் இந்த இரண்டையும் கேட்டு இந்தக் கிழமையே அவர்களுக்கு மின்னஞ்சல் எழுதட்டும். பதில் வரும்வரை வீட்டு உறுதிப் பத்திரத்தையும் நகையையும் அலுமாரியிலிருந்து எடுக்காதீர்கள்.