பத்து நாளில் நிற்கும் பழக்கமும் பதினெட்டாயிரம் ரூபாய்ப் பயிற்சியும்

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 39. கணவருக்கு நூற்பாலையில் ஷிப்ட் வேலை. பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். காலை ஐந்து மணிக்கு எழுவது, நடைப்பயிற்சி, மூச்சுப்பயிற்சி, நாட்குறிப்பு, அன்றாடச் செலவுக் கணக்கு, இரவில் பத்துப் பக்கம் வாசிப்பு என்று ஆறு பழக்கங்களைப் பட்டியலிட்டுத் தொடங்குகிறேன். ஒவ்வொரு முறையும் பத்து நாளில் நின்றுவிடுகிறது. இரவு படுக்கப் பதினொன்றரை ஆகிறது. பன்னிரண்டு ஆண்டுகளில் பள்ளிக்கு ஒருநாளும் தாமதமாகப் போனதில்லை. வீட்டில் மட்டும் ஏன் மனவுறுதி இல்லை? சக ஆசிரியை ஒருவர் 21 நாள் இணையப் பயிற்சி ஒன்றைச் சொல்கிறார். கட்டணம் 18,000 ரூபாய், மாதத் தவணையும் உண்டு. இடத்தை உறுதிசெய்ய 999 ரூபாய் கட்டிவிட்டேன். சேரலாமா? கணவரையும் இதே அட்டவணைக்குக் கொண்டுவர முடியுமா?

பதில்: சேர வேண்டாம். உங்கள் குறை மனவுறுதியில் இல்லை என்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் தாமதமின்றிப் பள்ளிக்குச் சென்றதே போதிய சான்று. குறை பட்டியலில் இருக்கிறது. அதிலும் அதன் முதல் வரியில் இருக்கிறது. பதினொன்றரைக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுபவர் ஐந்தரை மணி நேரம் உறங்குகிறார். வயதுவந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது உறக்கம் வேண்டும் என்பதுதான் மருத்துவர்களின் பொதுவான பரிந்துரை. ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணி நேர உறக்கத்தைக் கடனாக வாங்கி, அந்தக் கடனைக் கொண்டு மற்ற ஐந்து பழக்கங்களையும் நடத்தப் பார்க்கிறீர்கள். பத்தாம் நாள் உடல் கணக்கை முடித்துக்கொள்கிறது. ஆகவே ஐந்து மணி என்ற வரியை அடித்துவிடுங்கள். அதிகாலையில் எழுவது நல்லதுதான், ஆனால் அது முந்தைய இரவு ஒன்பதரை மணிக்கு விளக்கணைக்க முடிந்தவர்களுக்கு.

ஒரு செயல் பழக்கமாவதற்கு மனத்தை முறுக்கேற்றிக்கொள்வது உதவாது. ஒரே இடத்தில், ஒரே சூழலில், ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒரு வேலையின் வாலைப் பிடித்துக்கொண்டு அது திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். வாசல் தெளித்துக் கோலம் போடும் பெண்கள் அதற்கென எந்தப் பயிற்சிக்கும் பணம் கட்டியதில்லை. கதவைத் திறந்ததும் துடைப்பம், துடைப்பத்துக்குப் பின் வாளி, வாளிக்குப் பின் கோலப்பொடி என்று ஒன்றை ஒன்று அழைத்து வருகிறது. நேரமில்லாத நாளில் நாலு புள்ளியோடு முடிகிறது, ஆனால் நிற்பதில்லை. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் ஆராய்ந்து சொன்னதும் இதை ஒட்டியதுதான்: "இனி நடப்பேன்" என்று உறுதி எடுப்பவரைவிட, "இன்ன வேலை முடிந்ததும் இன்ன இடத்தில் நடப்பேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்தவர் அதைச் செய்து முடிக்கும் வாய்ப்பு அதிகம்.

21 நாள் என்ற கணக்கை நம்பாதீர்கள். அமெரிக்காவில் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டுறுப்பு அறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) நிபுணர், அறுவைக்குப் பின் நோயாளிகள் தங்கள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது ஏறக்குறைய 21 நாள் ஆகிறது என்று தாம் கவனித்ததை 1960ஆம் ஆண்டு எழுதிய நூலில் குறிப்பிட்டார். "குறைந்தது" என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்துபோக, முகத்துக்குப் பழகுவது எல்லாப் பழக்கத்துக்கும் விதியாகிவிட்டது. முறையாக அளந்து பார்த்தவர்கள் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும். 96 தன்னார்வலர்களை 12 வாரம் தொடர்ந்து கவனித்த அந்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபடும் என்று தெரிந்தது; 12 வாரத்தைத் தாண்டிய நாட்கள் கணித்துச் சொன்னவை. சாப்பாட்டோடு ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பது போன்றவை விரைவில் பதிந்தன, உடற்பயிற்சிக்கு நெடுநாள் பிடித்தது. உங்களுக்கு இதைவிட முக்கியமான செய்தி ஒன்றும் அந்த ஆய்வில் இருக்கிறது. ஒருநாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவதில் குறிப்பிடத்தக்க பாதிப்பு ஏற்படவில்லை. எனவே பத்தாம் நாள் தவறியதும் எல்லாம் போயிற்று என்று பட்டியலை மடித்துவைக்கத் தேவையில்லை. பதினொன்றாம் நாள் தொடர்ந்தால் போதும்.

ஆறில் இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்; நடையும் செலவுக் கணக்கும் போதும். நடைக்கென்று தனி நேரம் ஒதுக்காதீர்கள், ஏனெனில் ஒதுக்கும் அளவுக்கு உங்களிடம் நேரம் இல்லை. மாலையில் பள்ளியிலிருந்து திரும்பும்போது ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கிப் பத்து நிமிடம் நடந்து வீட்டுக்கு வாருங்கள். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதை எட்டுவது பிறகு பார்க்க வேண்டிய வேலை, முதல் இரண்டு மாதம் இந்தப் பத்து நிமிடம் தானாக நடப்பதுதான் இலக்கு. செலவுக் கணக்கை, இரவில் அடுப்பைத் துடைத்து எரிவாயுவை மூடியதும், சமையலறையிலேயே தொங்கும் நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் மூன்றே வரியில் எழுதுங்கள். எதைத் தேர்ந்தாலும் அளவு ஒன்றுதான்: அரைப் பரீட்சை விடைத்தாள் கட்டு வீட்டுக்கு வந்திருக்கும் நாளிலும், சொல்லாமல் விருந்தாளி வந்துநிற்கும் நாளிலும் அதைச் செய்ய முடிய வேண்டும். மூச்சுப்பயிற்சி, நாட்குறிப்பு, வாசிப்பு ஆகியவை கோடை விடுமுறைவரை காத்திருக்கட்டும்.

உங்கள் கணவரை இந்த அட்டவணைக்குக் கொண்டுவர முடியாது, முயலவும் வேண்டாம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பழக்கம் பற்றிப் பேசும் எவரும் ஷிப்ட் தொழிலாளியை நினைத்துப் பேசுவதில்லை. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும் ஒருவருக்குக் கடிகாரம் ஒரு அடையாளமாக இருக்க முடியாது. இந்த வாரம் காலை ஆறு மணி என்பது அவர் வேலைக்குக் கிளம்பும் நேரம், அடுத்த வாரம் அதே ஆறு மணி அவர் களைத்துத் திரும்பும் நேரம். அவருக்குப் பழக்கத்தைக் கட்ட நிகழ்ச்சிகள்தான் உண்டு: வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றியது, குளித்து முடித்தது, உறங்கி எழுந்தபின் உண்ணும் முதல் உணவு. "உறங்கி எழுந்து முதலில் சாப்பிட்டதும் தெருக்கோடிவரை நடப்பேன்" என்று வைத்துக்கொண்டால் அந்த உணவு காலை எட்டு மணிக்கு வந்தாலும் பிற்பகல் மூன்று மணிக்கு வந்தாலும் பழக்கம் அதன் பின்னாலேயே வரும். ஆனால் அதற்கும் முன்பு அவருக்கு வேண்டியது பகலுறக்கம். இரவு ஷிப்ட் முடிந்து வந்தவருக்கு ஓர் அறையை இருட்டாக்கிக் கொடுத்து, அழைப்புமணியை நிறுத்தி, அவர் உறங்கும் நேரத்தில் "அப்படியே போய் ரேஷன் வாங்கி வந்துவிடுங்கள்" என்று எழுப்பாமல் இருப்பதே அந்த வீடு அவருக்குச் செய்யக்கூடிய உதவி. இரவு ஷிப்ட் முடிந்த கையோடு மைதானத்துக்குப் போய் ஓடுவது, அதிலும் தூக்கக் கலக்கத்தோடு இருசக்கர வாகனத்தில் போய் ஓடுவது, ஆரோக்கியம் ஆகாது. அவர் சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், ஷிப்ட் மாறும்போது உணவும் மருந்தும் எந்த நேரத்தில் என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பின்னரே நடையைத் தொடங்க வேண்டும்.

இனி அந்தப் பயிற்சி. நீங்கள் கேட்ட கேள்வியில் ஒரு சிறு பகுதிதான் அது என்றாலும், இன்று பலர் பணத்தையும் தன்னம்பிக்கையையும் சேர்த்துத் தொலைப்பது அங்கேதான். இவற்றின் நடைமுறை பெரும்பாலும் ஒன்றே. முதலில் இலவசமாகவோ நூறு ரூபாய்க்குள்ளோ இரண்டு மணி நேர இணைய வகுப்பு. அதன் கடைசி அரைமணியில், இன்று இரவு பன்னிரண்டு மணிவரை மட்டும் சலுகை என்ற அறிவிப்பு. பிறகு வாட்ஸ்ஆப் குழுவில் வெற்றிக்கதைகள், தொலைபேசியில் ஓயாத அழைப்பு. ஆள் சேர்த்துவிடுபவருக்குக் கமிஷன் கொடுப்பதும் இந்தத் தொழிலில் சாதாரணம். உங்கள் சக ஆசிரியை உண்மையான அக்கறையோடே சொல்லியிருக்கலாம், ஆனாலும் "நான் சேர்ந்தால் உங்களுக்கு ஏதாவது கிடைக்குமா?" என்று ஒருமுறை நேராகக் கேட்டுவிடுங்கள்; கேட்பதில் தவறில்லை.

மாதத் தவணை என்று அவர்கள் சொல்வது, பலரும் நினைப்பதுபோலப் பயிற்சி நிறுவனம் உங்களுக்குக் கொடுக்கும் அவகாசமாக இருப்பதில்லை. பெரும்பாலும் அது ஒரு நிதி நிறுவனத்திடம் உங்கள் பெயரில் எடுக்கப்படும் கடன். கைப்பேசிக்கு வந்த ஓடிபியை வாசித்துச் சொன்னதும் கடன் ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது, முழுத்தொகையும் பயிற்சி நிறுவனத்துக்குப் போய்விடுகிறது. நான்காம் நாள் நீங்கள் வகுப்பை விட்டுவிலகினாலும் தவணை உங்கள் கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். நிறுத்தினால் உங்கள் கடன் மதிப்பெண் கெடும், நாளை வீட்டுக்கடன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, இப்படிக் கைப்பேசிவழிக் கடன் தரும் நிறுவனம் வட்டியும் கட்டணமும் எவ்வளவு என்று காட்டும் முக்கிய விவரத் தாளைக் கொடுக்க வேண்டும். குறைந்தது ஒரு நாளாவது அபராதமின்றி, அசலையும் அந்நாள்வரைக்கான செலவையும் கட்டிக் கடனிலிருந்து விலக அவகாசமும் தர வேண்டும். யாரும் இதைத் தாமாக எடுத்துச் சொல்வதில்லை. "திருப்தி இல்லையென்றால் பணம் வாபஸ்" என்ற வாக்குறுதியையும் எழுத்தில் கேளுங்கள். 21 நாளும் எல்லாப் பயிற்சிகளையும் முடித்து, முடித்ததற்கான படங்களையும் அனுப்பியவருக்கே வாபஸ் என்று நிபந்தனை இருக்கும். பழக்கம் நிலைக்காமல் போவதால்தான் வருகிறீர்கள் என்று தெரிந்தே, பழக்கம் நிலைத்தவருக்கு மட்டும் பணம் திரும்பும் என்று எழுதுகிறார்கள்.

இவர்களில் பலர் தங்களை வாழ்வியல் பயிற்சியாளர் என்று அழைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்ள நம் நாட்டில் தேர்வும் கிடையாது, பதிவும் கிடையாது. மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிபவர் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், அவரிடம் பதிவெண் கேட்கலாம். அப்படிப் பதிவு பெற்றவர்கள் மாவட்டத் தலைநகரங்களிலேயே கிடைப்பது அரிது. அந்த வெற்றிடத்தைத்தான் இரண்டு வார இணையச் சான்றிதழ் வாங்கியவர்கள் நிரப்புகிறார்கள், அரசோ வேடிக்கை பார்க்கிறது. பள்ளி நிர்வாகங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், ஆசிரியர்களுக்கு "வாழ்க்கைச் சமநிலை" பற்றிப் பயிலரங்கு நடத்துகின்றன. பெரும்பாலும் சனிக்கிழமையன்று, விடுப்பைப் பறித்துக்கொண்டு.

உங்கள் வீட்டிலும் கணக்குப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. 2019ஆம் ஆண்டு நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள், அவ்வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் பெண்களின் நேரம் 289 நிமிடம். ஐந்தாண்டில் பத்து நிமிடம் மிஞ்சியிருக்கிறது. இரவுப் பாத்திரங்களையும் மறுநாள் பிள்ளைகளின் பைகளையும் வீட்டில் வேறு எவராவது ஏற்றுக்கொண்டால் நீங்கள் பதினொன்றரைக்குப் பதில் பத்தரைக்குப் படுக்கலாம்; எந்தப் பயிற்சியும் தர முடியாத ஒரு மணி நேரம் அது. பள்ளி செல்லும் வயதுப் பிள்ளைகளால் தங்கள் பையைத் தாங்களே அடுக்க முடியும்.

சோர்வும் எதிலும் நாட்டமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேலாகத் தொடர்ந்து இருக்குமானால் இந்த ஆலோசனை எதையும் பின்பற்ற வேண்டாம். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழையுங்கள், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

கட்டிய 999 ரூபாயைப் பொறுத்தவரை, சேர விருப்பமில்லை, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று இன்றே மின்னஞ்சலிலோ வாட்ஸ்ஆப்பிலோ எழுத்தாக அனுப்பி, அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் பேசி முடித்துக்கொள்ளச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். தொகை பெரிதாக இருந்தால், நிறுவனம் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடர 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. ஐந்து லட்ச ரூபாய்வரை கட்டணமும் இல்லை. 999 ரூபாய்க்கு அவ்வளவு அலைய மனமில்லை என்றால் விட்டுவிடுங்கள், ஆனால் அதை மீட்கிறேன் என்று மீதி 17,001 ரூபாயைக் கட்டிவிடாதீர்கள். "வாபஸ் தருகிறோம், சரிபார்க்க ஓடிபி சொல்லுங்கள்" என்று யாராவது அழைத்தால் உடனே இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.